படக்குழுவில் கருத்துச் சொல்ல எந்த ஏற்பாடு நல்லது: வாட்ஸ்அப்பா, நடுவரா, மாதக் கூட்டமா?

ஊருக்கு ஊர் இப்போது ஒரு படக்குழு இருக்கிறது. ஞாயிறு விடிகாலையில் ஆற்றங்கரை, சந்தை, கோயில் தெரு என்று எங்காவது கிளம்புவார்கள். வெயில் ஏறியதும் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் கேமராவை இன்னொருவர் எட்டிப் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் தேர்ந்தெடுத்த படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். வங்கி ஊழியர், மருந்துக்கடைக்காரர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கலவையான கூட்டம். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. கொஞ்ச நாள் போனதும் இரண்டு புகார்கள் எழும். எதைப் போட்டாலும் ‘சூப்பர்’ என்றுதான் வருகிறது, கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொல்வார். ‘ஹொரைசன் (அடிவானக் கோடு) சாஞ்சிருக்கு’ என்று எல்லார் முன்னாலும் சொல்லப்போய், இன்னொருவர் முகம் வாடி, படம் போடுவதையே நிறுத்தியிருப்பார்.

அப்போதுதான் குழு உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது: படங்களைப் பற்றி நாம் எங்கே, எந்த முறையில் பேசிக்கொள்வது? இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட குழுவை மனதில் வைத்து, நடைமுறையில் இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். எந்த ஏற்பாடு, அடுத்தவர் படத்தை நம்மை அதிக நேரம் பார்க்க வைக்கிறது? நட்பாகக் கருத்துச் சொல்வதென்றால் இதமாகப் பேசுவது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்துபோய் ஒருவர் எடுத்துவந்த படத்தை ஒரு நிமிடமாவது முழுசாகப் பார்ப்பதுதான் நட்பு என்பது என் எண்ணம். நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னது என்று தெரிந்தால் கொஞ்சம் கறாரான வார்த்தையைக்கூட மனம் ஏற்றுக்கொள்ளும். பார்க்காமல் சொன்ன பாராட்டு மறுநாளே மறந்துபோகும்.

வாட்ஸ்அப் குழு

செலவு இல்லை, இடம் தேட வேண்டாம், வெளியூரில் இருப்பவரும் கலந்துகொள்ளலாம். அதனால்தான் எல்லாக் குழுவும் இங்கே தொடங்குகிறது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நாம் அனுப்பிய படம் அப்படியே போய்ச் சேர்வதில்லை என்பது. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் அகலத்தில் 6000 பிக்சல் இருக்கும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. படத்தோடு பதிவாகியிருக்கும் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ போன்ற கேமரா விவரங்களும் கழன்றுவிடும். 2023-இல் எச்டி வசதி வந்தபின் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை என்றாலும், முழுப் படமும் போக வேண்டுமென்றால் டாக்குமெண்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும். இது தெரியாமல் ‘கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கே அண்ணே, ஃபோகஸ் விட்டிருச்சோ?’ என்று கேட்பவருக்கும், லென்ஸை சர்வீசுக்குக் கொடுக்கலாமா என்று கவலைப்படுபவருக்கும் நடுவில் ஒரு வீண் உரையாடல் நடந்துகொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் திரையின் அளவு. உள்ளங்கை அகலத் திரையில் எடுபடுவது ஒரு முகம், ஒரு பறவை, ஒரு சிவப்புச் சேலை. நடுவில் ஒரே ஆள், பின்னால் மங்கலாக இருந்தால் பெருவிரல் ஒரு நொடி நிற்கும். சந்தையில் பத்துப் பேர் பத்து வேலை செய்துகொண்டிருக்கும் படம், ஓரத்தில் ஏதோ சின்னதாக நடக்கும் படம், மூட்டமான காலையில் சாம்பல் நிறத்தில் விரியும் குளம் எல்லாம் அந்தத் திரையில் தோற்றுப்போகும். எதற்கு லைக் விழுகிறதோ அதைத்தான் அடுத்த வாரமும் எடுப்போம். இப்படியே போனால் ஒரு வருடத்தில் குழுவின் ரசனையே குறுகிவிடும். வாட்ஸ்அப் மேல் எனக்கிருக்கும் முதல் மனக்குறை இதுதான்.

அடுத்தது, எழுத்தில் குரல் தெரியாது. ‘இதுல என்ன சொல்ல வர்றீங்க?’ என்று நேரில் கண்ணைப் பார்த்துக் கேட்டால் அது ஆர்வம். அதையே டைப் செய்து அனுப்பினால் சண்டை. ‘ஏன் க்ராப் பண்ணல?’ என்பதும் அப்படித்தான். இதற்குப் பயந்தே நல்ல கண் உள்ளவர்கள் வாயைத் திறப்பதில்லை. மிஞ்சுவது கைதட்டும் எமோஜியும், ‘எந்த லென்ஸ் சார்? செட்டிங்ஸ் ப்ளீஸ்’ என்ற விசாரிப்பும். லென்ஸைப் பற்றிப் பேசுவது தப்பில்லை. ஆனால் படத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள் ஒதுங்கும் நிழலாக அது மாறிவிடுகிறது.

வாட்ஸ்அப்பிலேயேதான் நடத்தியாக வேண்டும் என்ற நிலை இருந்தால், ஒரு நாளைக்கு ஒருவர், ஒரே ஒரு படம் என்று முறை வையுங்கள். படம் போடுகிறவர் கூடவே ஒரு கேள்வியும் போட வேண்டும். ‘எப்படி இருக்கு?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘இடதுபக்கச் சுவர் கண்ணை இழுக்கிறதா?’ என்று கேட்டால் பத்துப் பேரும் படத்தைத் திரும்பத் திறந்து சுவரைப் பார்ப்பார்கள்.

போட்டியும் நடுவரும்

கருத்து வேண்டுமா, போட்டிக்கு அனுப்பு என்பது பழைய கிளப்புகளின் வழி. சலூன் எனப்படும் போட்டிக் கண்காட்சிகள் இந்தியாவில் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. ஃபியாப் என்ற உலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற போட்டியென்றால் குறைந்தது மூன்று நடுவர்கள். எடுத்தவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு படமும் சில வினாடிகள் திரையில் வரும், மதிப்பெண் விழும், கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் ‘ஏற்கப்பட்டது’. இப்படிச் சேர்ந்த ஏற்புகளின் கணக்கில்தான் பெயருக்குப் பின்னால் ஏஃபியாப், ஈஃபியாப் என்ற பட்டங்கள் வருகின்றன.

இதன் பெரிய பலம் பெயர் மறைந்திருப்பது. நம் குழுக்களில் அந்தஸ்து என்ற ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடமாகப் படம் எடுக்கும் ‘சார்’ ஒரு படம் போட்டால், போன மாதம் சேர்ந்த பையன் அதில் குறை பார்த்தாலும் சொல்ல மாட்டான். பெயர் தெரியாதபோது அந்தச் சங்கடம் ஒழிகிறது. படம் மட்டும் நிற்கிறது.

ஆனால் சலூன் நமக்குத் தருவது தீர்ப்பு. காரணம் பெரும்பாலும் வராது. 18 மதிப்பெண் வந்த படத்துக்கும் 22 வந்த படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நாமேதான் ஊகிக்க வேண்டும். என் அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் சில வினாடிப் பார்வை மிகக் குறைவு. அந்த வினாடிகளுக்குள் எடுபட வேண்டும் என்பதற்காகவே சில வகைப் படங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்திப் புழுதியில் மாடு ஓட்டிப் போகும் சிறுவன், புகைநடுவே கூரை வழியாக இறங்கும் ஒளிக்கற்றை, குளத்தில் குதிக்கும் பிள்ளைகள், சொல்லி வீச வைத்த வலை. அழகான படங்கள்தாம். ஒரு குழுவே இதை நோக்கிப் போனால் தன் ஊரை அது பார்ப்பதை நிறுத்திவிடும் என்பதுதான் என் பயம்.

இதற்கு ஓர் இடைவழி உண்டு. பிரிட்டனில் உள்ளூர் கேமரா கிளப்புகள் வெளியிலிருந்து ஒரு நடுவரை அழைக்கின்றன. அவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, எடுத்தவர் யாரென்று தெரியாமலே, அரங்கத்துக்குக் கேட்கும்படி கருத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு மதிப்பெண் போடுகிறார். பல கிளப்புகளில் 20-க்கு. மதிப்பெண்ணை எடுத்துவிட்டு இந்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து ஊர்க் குழுவின் மூத்தவர் ஒருவரையோ, செய்தித்தாளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற புகைப்படக்காரரையோ வருடத்துக்கு இரண்டு முறை அழைத்தால் போதும். நம் பழக்கங்களை நம்மால் பார்க்க முடியாது. வெளியாள் வந்த பத்தாவது நிமிடத்தில், ‘ஏன் எல்லாருமே முதுகுப்பக்கமிருந்தே எடுக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிடுவார்.

இருவர் இருவராக

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதாமாதம் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்து, ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் போனிலோ நேரிலோ அரைமணி நேரம் பேசுவது. கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தன் படத்தைப் பொதுவில் போடத் தயங்கும் பெண்கள் பலருக்கும் இது ஒத்துவருகிறது. ஜோடியை மட்டும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். குறை என்னவென்றால், பேசியது அந்த இருவரோடு நின்றுவிடும். மற்றவர்களுக்குப் பயனில்லை. இன்னொருவர் படத்தைப் பற்றிப் பிறர் பேசக் கேட்பதில்தான் நம் கண் அதிகம் தெளிகிறது. அதனால் இதைத் துணை ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

அச்சுப் போட்டு மேசையில் வைக்கும் மாதக் கூட்டம்

என் ஓட்டு இதற்குத்தான். படத்தை 8-க்கு 12 இஞ்ச் அச்சாக லேபில் போட்டு எடுத்துவந்து, மேசையில் வைத்து, சுற்றி நின்று பேசுவது. புரொஜெக்டரும் உண்டு. ஆனால் பள்ளி, நூலகங்களில் கிடைக்கும் புரொஜெக்டர்களில் நிறம் ஒரு பக்கம் போகும், நிழற்பகுதி கறுத்துவிடும், ஜன்னல் வெளிச்சம் வேறு. யாரோ ஒருவர் லேப்டாப்பில் அடுத்த படத்துக்குத் தள்ளிக்கொண்டும் இருப்பார். அச்சை யாரும் தள்ள முடியாது. கையில் எடுக்கலாம், கிட்ட வைத்துப் பார்க்கலாம், தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். (திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். முகமும் கதையும் மறைந்து எங்கே வெளிச்சம், எங்கே கனம் என்பது மட்டும் தெரியும்.) செல்போனில் எடுப்பவர்களுக்கும் இங்கே தாழ்வு இல்லை. 12 மெகாபிக்சல் படம் இந்த அளவு அச்சுக்கு, இஞ்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கிலேயே, தாராளமாகப் போதும். மேசையில் வைத்தபின் எது போன், எது மூன்று லட்ச ரூபாய் கேமரா என்று கண்டுபிடிப்பது பல நேரம் கஷ்டம்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொன்னால் வித்தியாசம் புரியும். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்கள் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். தென்மாவட்டத்தில் கேமரா வைத்திருக்கும் யாரும் அந்த நாட்களில் வீட்டில் இருக்க மாட்டோம். காளி வேடம் போட்ட ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் படத்தை எங்கள் நண்பர் ஒருவர் எடுத்திருந்தார். கிரீடத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். முகத்து நீலச் சாயம் வியர்வையில் கழுத்துவரை வழிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தபோது ‘மாஸ்’, ‘வெறித்தனம்’ என்று வரிசையாக விழுந்தது. எல்லாரும் பார்த்தது நீல முகத்தை.

அதே படம் அச்சாக மேசைக்கு வந்தபோது, முதலில் பேசியது குழுவின் இளையவள், ஒரு கல்லூரி மாணவி. ‘எனக்கு முதல்ல கண்ணு போனது மேல இருக்கிற டியூப்லைட்டுக்கு. அப்புறம்தான் அவர் முகத்துக்கு வந்தேன்’ என்றாள். அடுத்தவர் குனிந்து பார்த்துவிட்டு, ‘கிரீடத்துக்குப் பின்னாடி ஒரு சின்னக் கை தெரியுதே, யாரு?’ என்று கேட்டார். அதுவரை யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. இடது ஓரத்தில், மணிக்கட்டோடு ஃபிரேம் வெட்டிவிட்ட ஒரு கை, கிரீடம் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மகன்தான் என்றார் எடுத்தவர். அந்த இடத்தில் படத்தின் பேச்சே மாறிவிட்டது. ‘எல்’ வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை அச்சின் மேல் நகர்த்தி நகர்த்தி, எங்கே வெட்டலாம் என்று பார்த்தோம். மேலே வெட்டினால் டியூப்லைட் போய்விடுகிறது, கிரீடம் கனமாகிறது, கை இன்னும் அதிகமாகக் கண்ணில் படுகிறது, ஆனால் கைக்கு உரியவன் படத்தில் இல்லை. இன்னும் இடதுபக்கம் விட்டு எடுத்த ஃபிரேம் உண்டா என்று கேட்டோம். உண்டு, அதில் காளி கண் மூடியிருக்கிறார், அதனால் ஒதுக்கிவிட்டேன் என்றார். அடுத்த மாதம் அதையும் அச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். கண்மூடி டீயை உறிஞ்சும் அப்பா, கிரீடத்தைப் பிடித்தபடி அவரையே பார்க்கும் பையன். இரண்டில் எது நல்ல படம் என்பதில் குழு இன்றுவரை இரண்டாகத்தான் இருக்கிறது. எனக்கு இரண்டாவது.

இந்தக் கூட்டம் தானாக நன்றாக நடந்துவிடாது. யார் முதலில் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூத்தவர் வாயைத் திறந்து ‘இது படமே இல்லப்பா’ என்றோ ‘அருமை’ என்றோ சொல்லிவிட்டால், அதற்குமேல் மற்றவர்கள் ‘சார் சொன்ன மாதிரி’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதலில், மூத்தவர் கடைசியில் என்று வைத்துவிடுங்கள். மூத்தவர்களிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட்டால் அவர்கள் மனம் கோண மாட்டார்கள். தங்கள் வார்த்தைக்குக் கனம் அதிகம் என்பதால்தான் கடைசியில் வைக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்கள்.

பேசும் முறைக்கு, அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த நான்கு படி முறையைப் பார்க்கலாம். நடனத்துக்கென்று உருவாகிப் பிறகு எல்லாக் கலைகளுக்கும் பரவியது. முதலில், பார்த்தவர்கள் தங்கள் மனதில் எது தங்கியது என்று சொல்கிறார்கள். இரண்டாவது, படைத்தவர் கேள்வி கேட்கிறார். மூன்றாவது, பார்த்தவர்கள் கேட்கிறார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. நான்காவது, அனுமதி கேட்டுக் கருத்தைச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லப் படைத்தவருக்கு உரிமை உண்டு. நான்காவது படி நமக்கு இயல்பாகவே வரும்: ‘வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?’ கஷ்டமானது மூன்றாவது. ‘ஏன் இவ்வளவு இருட்டா வச்சீங்க?’ என்பது கேள்வி போலத் தெரியும் குற்றச்சாட்டு. ‘வெளிச்சத்தை எதை வச்சு முடிவு பண்ணீங்க?’ என்பதுதான் கேள்வி. பழக இரண்டு மூன்று கூட்டம் ஆகும்.

முழு முறையையும் கடைப்பிடித்தால் ஒரு படத்துக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஆறு படம் பார்த்தால் அதிகம். இருபது பேர் உள்ள குழுவில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு வரும். இது இந்த ஏற்பாட்டின் உண்மையான குறை. என்றாலும், மாதம் நாற்பது படம் போட்டு நாற்பது ‘சூப்பர்’ வாங்குவதைவிட, மூன்று மாதத்தில் ஒரு படத்துக்கு இருபது பேரின் கால் மணி நேரம் கிடைப்பதையே நான் விரும்புவேன்.

அச்சு மேசையில் கிடக்கும்போதுதான் இன்னொரு பேச்சும் எழுகிறது. கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த பாட்டி முகம் எல்லாக் குழுவிலும் வரும். கான்ட்ராஸ்ட் பிரமாதம் என்று பேசி முடிப்போம். அந்தப் பாட்டியிடம் கேட்டு எடுத்தீர்களா, அவர் பெயர் என்ன, படத்தை அவரிடம் காட்டினீர்களா என்று யாராவது ஒருவர் அமைதியாகக் கேட்க வேண்டும். குளிக்கும் பிள்ளைகள், நடைபாதையில் தூங்குகிறவர்கள், துக்க வீடு ஆகிய படங்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டு எடுத்த படத்திலும் கேட்காமல் எடுத்த படத்திலும் எதிரே இருப்பவரின் பார்வை வேறாகவே இருக்கும், அதனால் இதுவும் படத்தைப் பற்றிய கருத்துத்தான்.

வாங்கிக்கொள்பவர் பக்கம்

எந்த ஏற்பாடானாலும் கருத்து வாங்குகிறவருக்கும் வேலை இருக்கிறது. பேசி முடிக்கும்வரை விளக்கம் சொல்லாமல் இருப்பது முதல் வேலை, மிகக் கடினமான வேலை. ‘அன்னைக்கு அங்க நிக்க இடமே இல்ல’ என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் படத்தோடு அந்த விளக்கம் சேர்ந்து வரப்போவதில்லை. ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து மூன்றும் மூன்று விதமாக இருக்கும். அவற்றில் எதையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. காளி படத்தில் டியூப்லைட்டை வெட்டிவிடு என்றார்கள், ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடு என்றார்கள், அதுதான் டீக்கடை என்று விட்டுவிடு என்றார்கள். அவரோ வேறு ஃபிரேமுக்கே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரியே படத்தைத் திறந்து மாற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், யார் சொன்னதை மனம் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஏழெட்டுப் பேர்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாதக் கூட்டம் போதும். ஒவ்வொருவரும் ஒரு அச்சு, யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி. இருபதைத் தாண்டினால் கூட்டத்தோடு ஜோடி ஏற்பாட்டையும் சேருங்கள், காத்திருக்கும் மாதங்களில் யாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நூறு பேருக்கு மேல் உள்ள குழு உண்மையில் ஒரே குழு அல்ல, தெரு வாரியாகவோ விருப்ப வாரியாகவோ பிரிந்தால்தான் கருத்துப் பரிமாற்றம் நடக்கும். பறவை எடுப்பவர்களும் திருவிழா எடுப்பவர்களும் தனித்தனியே கூடட்டும், வருடத்துக்கு இரண்டு முறை வெளி நடுவரை வைத்து எல்லாரும் சேரட்டும். பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள் என்றால் வாட்ஸ்அப்தான் வழி, அப்போது ஒரு நாளைக்கு ஒரு படம், கூட ஒரு கேள்வி, படம் டாக்குமெண்ட்டாக என்ற மூன்றையும் விட்டுவிடாதீர்கள். சலூனுக்கு அனுப்ப ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க வேண்டாம். அந்தப் படங்களையும் முதலில் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்த மாதமே தொடங்குவதென்றால் தேவைப்படுவது நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறை, ஒரு பெரிய மேசை, ஆறு அச்சு, இரண்டு ‘எல்’ அட்டை, நேரம் பார்த்துக்கொள்ள ஒருவர். முதல் கூட்டத்துக்கு, குழுவின் மூத்தவரிடமே ஒரு படம் கேட்டு வாங்கி முதலில் வையுங்கள். அதைப் பற்றி முதலில் பேச வேண்டியது நீங்கள்தான் என்று முந்தின நாளே புதியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தயாராக வரட்டும்.